பிப்ரவரிப் பக்கத்துக் குருவி

ஸ்ரீவில்லிபுத்தூர்,
20.01.2025

சித்ரா,

உன் நம்பரைப் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமையிலிருந்து எத்தனை தடவை கூப்பிட்டாய் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. போனில் என்றால் நீ "ஏ ஈஸ்வரி" என்று ஒரு இழுப்பு இழுப்பாய், நான் இளகிப்போவேன். பத்தொன்பது வருஷம் மில் ஆபீஸில் உன் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தவளுக்கு அது தெரியாதா? அதனால் தபாலில் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்காரர் வேல்பாண்டிக்குப் பல்வலி. பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பல் டாக்டரிடம் போனார். இவரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. காக்காயையும் குயிலையும் பிரித்துச் சொல்லத் தெரியாத மனிதர். காத்திருந்த நேரத்தில் சுவரில் தொங்கிய காலண்டரைப் புரட்டியிருக்கிறார். உங்கள் பறவைக் குழு போட்ட இந்த வருஷக் காலண்டர். எனக்கு ஒன்று கேட்டபோது "தீர்ந்து போச்சுடி" என்று சொன்னாயே, அதேதான். பிப்ரவரிப் பக்கத்தைப் போனில் படம் பிடித்துக்கொண்டு வந்து, வீங்கின கன்னத்தோடு கேட்கிறார்: "ஏட்டி, இது நம்ம கொய்யா மரம்லா?"

"பல்லோட சேர்த்துக் கண்ணும் போச்சா" என்று சிரித்தேன். அப்புறம் படத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். போன ஆடிக் காற்றில் பிளந்த கிளை. அதைச் சேர்த்துப் பிடித்து அவர் சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றிய கட்டு. நீ ஓரத்தை வெட்டியிருக்கிறாய், ஆனாலும் கட்டில் இரண்டு சுற்று படத்துக்குள்ளேயே இருக்கிறது. கிளைமேல் என் குருவி.

கீழே அச்சில் போட்டிருப்பதை அப்படியே எழுதுகிறேன். "காஷ்மீர் ஈப்பிடிப்பான், ஆண். செண்பகத்தோப்பு வனப்பகுதி. நம் மாவட்டத்தில் முதல் பதிவு. படம்: ஜெயசித்ரா, ராஜபாளையம்."

நவம்பர் ஏழாம் தேதி அந்தக் குருவியை எடுத்து உனக்கு அனுப்பினேன். நீ என்ன பதில் போட்டாய்? "செந்தொண்டை ஈப்பிடிப்பான். குளிர்காலத்துக்கு எல்லா ஊருக்கும் வருவது. சாதாரணம்." நான் நோட்டில் எண்பத்தாறு என்று நம்பர் போட்டு, நீ சொன்ன பெயரை எழுதிக்கொண்டேன். மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, முதல் பஸ்ஸைப் பிடித்து முறுக்குப் பொட்டலத்தோடு வந்து நின்றாய். "உன்னைப் பாக்கணும் போல இருந்துச்சு" என்றாய். சாதாரணக் குருவியைப் பார்க்க அத்தனை பெரிய லென்ஸ் எதற்கு என்று கேட்க எனக்குப் புத்தி வரவில்லை. கொய்யாவைப் பார்த்து நீ கேமராவைத் தூக்கியபோது உன் கை நடுங்கியது. வெறும் வயிற்றில் வந்திருக்கிறாள், சர்க்கரை இறங்கிவிட்டது என்று நினைத்து, காப்பியில் இரண்டு கரண்டி சீனி கூடப் போட்டுக் கொண்டுவந்தேன். அதையும் குடித்தாய்.

அதற்குப் பிறகு பத்து வாரம் தினமும் என்னோடு பேசினாய். ஒரு நாள்கூட உன் குரல் மாறவில்லை.

நாலு வருஷத்துக்கு முன் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து இடுப்பில் பிளேட் வைத்த பிறகு எனக்கு வாசலைத் தாண்டி உலகம் இல்லை என்று ஆனது. பழைய கேமரா ஒன்றைப் பார்த்து வாங்கிக் கொடுத்தவள் நீதான். எங்கள் வளவுக்குள் வந்த ஒவ்வொரு குருவிக்கும் பெயர் சொன்னவளும் நீதான். எண்பத்தாறு பெயரில் ஒன்றுகூட நானாகக் கண்டுபிடித்தது இல்லை. நீ சொன்னாய், நான் எழுதினேன். இப்போது அந்த நோட்டைத் திறந்தால் எது பெயர், எது பொய் என்று தெரியாமல் மூடி வைத்துவிடுகிறேன்.

உன் சமாதானம் எனக்கு வேண்டாம். எந்தெந்த நம்பர் பொய் என்று மட்டும் எழுது.

முனீஸ்வரி


ராஜபாளையம்,
25.01.2025

ஈஸ்வரி,

உன் கடிதத்தை மில்லில் வைத்துப் படித்தேன். வீட்டில் அம்மா கவரின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு விசாரித்தாள். பாதியைச் சொன்னதற்கே தெலுங்கில் திட்டினாள். அவள் தெலுங்குக்கு மாறினால் உண்மையான கோபம் என்று உனக்குத் தெரியும்.

நான் செய்ததில் தவறு இருக்கிறது. ஆனால் நீ நினைக்கிற மாதிரி இல்லை.

தளவாய்புரத்தில் தங்கச்சாமி தோப்பில் நடந்ததை உனக்குச் சொல்லியிருக்கிறேன். பட்டுப்போன தென்னையின் பொந்தில் ஆந்தை குஞ்சு பொரித்திருக்கிறது என்று ஒருவர் படத்தையும் இடத்தையும் இன்டர்நெட்டில் போட்டுவிட்டார். இரண்டு வாரம் ஊரூராக வண்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். வரப்பு சரிந்தது, மோட்டார் ரூம் கதவு உடைந்தது. ஒரு நாள் தங்கச்சாமி கோபத்தில் அந்த மரத்தையே வெட்டிச் சாய்த்துவிட்டார். குஞ்சு என்ன ஆனது என்று எவரும் கேட்கவில்லை.

நீ அனுப்பிய படத்தைப் பார்த்ததும் எனக்கு அதுதான் நினைவு வந்தது. தொண்டை ஆரஞ்சைச் சுற்றிக் கருப்பு ஓரம் போல் தெரிந்தது. காஷ்மீர் ஈப்பிடிப்பானுக்குத்தான் அந்த ஓரம் உண்டு. பேரைச் சொன்னால் நீ சந்தோஷத்தில் நாலு பேரிடம் சொல்லுவாய். மறுநாளே உன் வாசலில் கூட்டம் நிற்கும். உன்னால் எழுந்து போய்ச் சத்தம் போடவும் முடியாது. அதனால்தான் சாதாரணக் குருவி என்று சொன்னேன். இடத்தையும் காடு என்று மாற்றிப் போட்டேன். அந்தக் குருவி இதற்குள் மலைக்கோ இலங்கைக்கோ போயிருக்கும். அது ஓரிடத்தில் தங்குகிற ரகம் இல்லை. யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்தேன்.

மற்ற எண்பத்தைந்து பெயரும் சரி. அதில் சந்தேகப்படாதே.

நம்பரைத் திறந்துவிடு. எழுத்தில் எனக்கு எதுவும் ஒழுங்காகச் சொல்ல வரவில்லை.

சித்ரா


ஸ்ரீவில்லிபுத்தூர்,
30.01.2025

சித்ரா,

எழுத்தில் சொல்ல வரவில்லையாம். ரொம்ப நன்றாக வருகிறது. படித்து முடித்ததும் உனக்கு நன்றி சொல்ல வேண்டுமோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அப்புறம் காலண்டரைப் பார்த்தேன். டாக்டர் வீட்டு ஆளிடம் கேட்டு இவர் ஒன்று வாங்கி வந்துவிட்டார், இப்போது எங்கள் அடுப்படியில் தொங்குகிறது.

நீ சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். கூட்டத்துக்குப் பயந்தாய். நான் ஊரெல்லாம் சொல்லிவிடுவேன் என்று பயந்தாய். சரி. அப்படியானால் படத்தை வெளியே விட்டது யார்? பேசாமல் இருந்திருந்தால் குருவிக்கும் ஆபத்து இல்லை, எனக்கும் இல்லை. இடத்தை மாற்றத் தெரிந்த உனக்கு, படம் எடுத்தவள் பேரை மட்டும் மறைக்கத் தெரியவில்லையா?

என்னிடம் சொல்லியிருக்கலாமே, "ஈஸ்வரி, இது பெரிய குருவி, வாயைத் திறக்காதே" என்று. நான் திறந்திருப்பேனா? மில்லில் உன் விஷயம் எத்தனை என் வயிற்றில் கிடக்கிறது, ஒன்றாவது வெளியே போயிருக்கிறதா? உன் கல்யாணப் பேச்சு நின்றுபோனபோது, நிறுத்தியது நீதான் என்று இன்றுவரை உன் அம்மாவுக்குத் தெரியாது. அதைக் காப்பாற்றியவள் ஒரு குருவி பேரைக் காப்பாற்ற மாட்டாளா?

இன்னொன்று. குருவி இலங்கைக்குப் போய்விட்டது என்று எழுதியிருக்கிறாய். போகவில்லை. ஒரு நாள் தவறாமல் வருகிறது. காலை ஏழேகால் மணிக்குத் தண்ணீர்ச் சட்டியில் இறங்கி, இறக்கையை அடித்துக் குளித்துவிட்டு, கொய்யாவில் உட்கார்ந்து உதறிக்கொள்கிறது. வாலை மேலே தூக்கித் தூக்கிப் போடுகிறது. நீ வந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அது என்ன ஆனது என்று ஒரு தடவையாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். மாவட்டத்திலேயே முதல் பதிவு என்கிறாய், அது இருக்கிறதா செத்ததா என்று கேட்க உனக்கு வாய் வரவில்லை. கேட்டால் பேச்சு வளரும் என்று பயம்.

எண்பத்தைந்தும் சரி என்கிறாய். சரி என்று சொல்கிற வாய் எது? எண்பத்தாறையும் சொன்ன வாய்தானே?

நேற்று இவர் ஒரு வார்த்தை சொன்னார். "அவ உன்னையப் பாக்க வரலட்டி, குருவியப் பாக்கத்தான் வந்திருக்கா." இவர் விளையாட்டுக்குச் சொன்னார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. என்னை ஏமாற்றியதுகூடப் பரவாயில்லை சித்ரா. என்னைப் பார்க்க வந்ததாகச் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நீ வந்துபோன அன்று முழுக்க நான் சந்தோஷமாக இருந்தேன்.

உண்மையை எழுது. இல்லையென்றால் எழுதாதே.

முனீஸ்வரி


ராஜபாளையம்,
06.02.2025

ஈஸ்வரி,

நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது. இதைத் திரும்பப் படிக்காமல் ஒட்டிப் பெட்டியில் போடப் போகிறேன்.

பொறாமை. வேறொன்றும் இல்லை.

இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் நான் மலையடிவாரத்தில் நடக்கிறேன். அட்டை கடித்திருக்கிறது, ஒரு தடவை யானைக்குப் பயந்து ஓடிச் செருப்பைத் தொலைத்திருக்கிறேன். குழுவில் எல்லாரும் ஆண்கள். நான் ஒரு பறவையைச் சொன்னால், "நல்லாப் பாத்தீங்களாம்மா?" என்று ஒரு தடவை கேட்காமல் எழுத மாட்டார்கள். எனக்கென்று ஒரு பறவை வேண்டும், இது ஜெயசித்ரா கண்டது என்று ஒன்று வேண்டும் என்று எத்தனை வருஷம் அலைந்திருப்பேன். நீ துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அதை எடுத்து அனுப்பிவிட்டு, "இது என்னடி, புதுசா இருக்கு" என்று கேட்கிறாய்.

உன் படத்தைப் பார்த்து எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சாதாரணம் என்று எழுதிவிட்டு, அனுப்பலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம்தான் யோசித்தேன். அனுப்பிவிட்டேன். தளவாய்புரத்துக் கதையெல்லாம் காலண்டர் அச்சான பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டது. அன்றைக்கு நான் உன்னைப் பார்க்க வரவில்லை. வேல்பாண்டி அண்ணன் சொன்னதுதான் சரி.

நோட்டு விஷயம். மூன்று பெயர் எனக்கு நிச்சயம் இல்லை. இருபத்து மூன்று, நாற்பத்தொன்று, ஐம்பத்தெட்டு. மூன்றும் சின்னப் பழுப்புக் குருவிகள். உன் படம் மங்கல், எனக்கும் அந்த ரகம் பிடிபடாது. "தெரியலை" என்று ஒரு வார்த்தை போட்டிருக்கலாம். நீ என்னிடம் கேட்டதும் நான் சொன்னதும் அத்தனை நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, அதைக் கெடுக்க மனம் வரவில்லை. வாய்க்கு வந்த பெயரைச் சொன்னேன். போன கடிதத்தில் எண்பத்தைந்தும் சரி என்று எழுதியதும் பொய்தான்.

அது இன்னும் உன் வீட்டில் இருக்கிறது என்று படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குளிர்காலம் முழுக்க இங்கே தங்குகிறது என்றால் அது இன்னும் பெரிய செய்தி. நான் செய்ததைச் சரி செய்ய இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. குழுச் செயலாளர் சூர்யபிரகாஷுக்கு எல்லாம் எழுதிவிட்டேன். கண்டது நீ, அடையாளம் சொன்னதும் நீ, இடம் உன் வீடு, நான் வெறுமனே படம் எடுத்தவள், பதிவு முழுவதும் உன் பெயரில் மாற வேண்டும் என்று எழுதினேன். அவர் நல்ல மனிதர். உன்னை வந்து பார்ப்பார்.

உனக்குச் சேர வேண்டியதை உனக்கே கொடுத்துவிட்டேன். என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை.

சித்ரா


ஸ்ரீவில்லிபுத்தூர்,
18.02.2025

சித்ரா,

வந்து பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு கேட்டைத் தட்டுகிற சத்தம். இவர் லுங்கியோடு போய்த் திறந்தார். இரண்டு வேன், பதினாலு பேர். "முனீஸ்வரி வீடுதான? காஷ்மீர் ஈப்பிடிப்பானக் கண்டுபிடிச்சவுக வீடு?" என்று கேட்டிருக்கிறார்கள். இவருக்கு ஒரே பெருமை. பக்கத்து வீட்டில் நாற்காலி வாங்கிப் போட்டு, எல்லாருக்கும் டீ வாங்க ஓடினார். நான் நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு வாக்கரைப் பிடித்து வெளியே வருவதற்குள் கீரைப்பாத்தி காலடியில் போய்விட்டது. ஒருவன் முருங்கைக் கிளையை வளைத்துக் கயிறு போட்டுக் கட்டுகிறான், மறைக்கிறதாம். இன்னொருவன் போனில் அந்தக் குருவியின் சத்தத்தைப் போட்டுப் போட்டுக் கூப்பிடுகிறான். நாலு வருஷமாக நான் இருமினால்கூடக் குருவி பறந்துவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்த இடம் அது.

குருவி வரவில்லை. எட்டரை மணிக்கு சூர்யபிரகாஷ் என்னிடம் வந்து, "அம்மா, நீங்க எடுத்த படம் இருக்கா?" என்று மரியாதையாகக் கேட்டார். கேமராவைக் கொடுத்தேன். நவம்பரிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு படம். திண்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்புறம் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இதுல கருப்பு ஓரமே இல்லியேம்மா" என்றார். "ஆரஞ்சும் தொண்டையோட நின்னுருது. நெஞ்சு வரைக்கும் இறங்கல. இது செந்தொண்டை."

காலண்டர் படத்தை நீட்டினேன். அதில் கருப்பாகத்தானே இருக்கிறது என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. அன்றைக்கு நீ கேமராவைத் தூக்கியபோது அது சட்டியிலிருந்து நேராக வந்து உட்கார்ந்திருந்தது. கழுத்தோரத்துச் சாம்பல் இறகு நனைந்து ஒட்டிக் கருப்பாகத் தெரிந்திருக்கிறது. நான் முதலில் எடுத்து அனுப்பியதும் குளித்துவிட்டு வந்த படம்தான். காய்ந்த பிறகு எடுத்த படம் என்னிடம் நூறு இருக்கிறது. நீ ஒன்று கேட்டிருந்தால் போதும்.

"குளிச்ச குருவிய எடுத்துருக்கீக" என்று ஒருவன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். இன்னொருவன், "வீட்டம்மா ஆசைப்பட்டுட்டாக, விடுங்கப்பா" என்றான். என்னைப் பார்த்துச் சொன்னான் சித்ரா. நான் எப்போது ஆசைப்பட்டேன்? நோட்டை எடுத்து எண்பத்தாறாம் நம்பரைக் காட்டினேன். "சரியாத்தான எழுதிருக்கீங்க. பொறவு ஏன் மாத்துனீங்க?" என்று சூர்யபிரகாஷ் கேட்டார். நான் மாற்றவில்லை என்றேன். தலையை ஆட்டினார். பொய் சொல்கிற பிள்ளையிடம் பெரியவர்கள் ஆட்டுவார்களே, அப்படி. அடையாளம் சொன்னதும் நான்தான் என்று நீ அவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டாயே.

உன் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்காக என்மேலேயே எனக்குக் கோபம். போகும்போது எங்கள் வீட்டுக்காரர் வாசலில் நின்றுகொண்டு, "செத்த நேரம் இருந்தா வந்துருமே" என்று அவர்களைப் பார்த்துக் கெஞ்சினார். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

நீ எனக்குப் பொய்யாகச் சொன்ன பெயர்தான் உண்மையான பெயர். பெரிய குருவி என்று நினைத்து என்னை ஏமாற்றியிருக்கிறாய், அது உன் ஊரிலும் வேலிக்கு வேலி உட்கார்ந்திருக்கிற குருவி. இதைச் சொல்லிச் சிரிக்க எனக்கு இருந்த ஒரே ஆள் நீதான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். தினமும் குளிக்கிறது, குளிர்காலம் முழுக்க இங்கேயே இருக்கிறது என்று நான் எழுதியதைப் படித்தாயே. இருபத்திரண்டு வருஷம் பறவை பார்த்தவளுக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்குமே. அதனால்தான் அடையாளம் சொன்னதும் நான்தான் என்று என் தலையில் கட்டினாயா?

முனீஸ்வரி


ராஜபாளையம்,
24.02.2025

ஈஸ்வரி,

இல்லை. எல்லாவற்றையும் உனக்குக் கொடுத்துவிட வேண்டும் என்ற வேகத்தில் அதையும் சேர்த்து எழுதினேன். சந்தேகம் வரவில்லை. ஆனால் நீ கேட்ட பிறகு, வந்ததோ, வந்ததை நான்தான் ஓரமாகத் தள்ளிவிட்டேனோ என்று எனக்கே நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. நீ நம்ப மாட்டாய். நம்ப வேண்டும் என்று கேட்கிற நிலையில் நான் இல்லை.

நேற்றுக் குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். நவம்பரில் உனக்கு என்ன பெயர் சொன்னேன், ஏன் சொன்னேன், காடு என்று ஏன் போட்டேன், அடையாளம் சொன்னது யார், எல்லாம். முப்பது பேர் இருந்தார்கள். முடித்ததும் யாரும் எதுவும் கேட்கவில்லை. "நல்லாப் பாத்தீங்களாம்மா" என்று வழக்கமாகக் கேட்பவர்கூடக் கேட்கவில்லை. காலண்டர் ஐந்நூறு அடித்தது, திரும்ப வாங்க முடியாது. பதிவை எடுத்துவிட்டார்கள். நானும் குழுவிலிருந்து விலகிவிட்டேன். உன் வாசலில் வந்து சிரித்துவிட்டுப் போனதற்காக உன்னிடம் வருத்தம் சொல்லச் சொன்னார் சூர்யபிரகாஷ். அவரே வருகிறேன் என்றார். வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். இனி என்னால் உன் வீட்டுக்கு ஒரு ஆளும் வர வேண்டாம்.

நான் வரலாமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

சித்ரா


ஸ்ரீவில்லிபுத்தூர்,
10.03.2025

சித்ரா,

கூட்டத்தில் நீ சொன்னதை சூர்யபிரகாஷ் எழுதியிருந்தார். நீ எழுதியதும் அவர் எழுதியதும் ஒன்றாகத்தான் இருக்கிறது. ஒத்துப் பார்த்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இத்தோடு ஒரு படம் வைத்திருக்கிறேன். கடையில் கொடுத்துப் பிரிண்ட் போட்டது. நாலாம் தேதி சாயங்காலம் செம்பருத்திச் செடிக்குள் புகுந்து புகுந்து போனது. எண்பத்தேழாம் நம்பர். சின்னது, பழுப்பு, உனக்குப் பிடிபடாத ரகம்தான். இவர் வாங்கி வந்த புத்தகத்தை வைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்து நானே பெயர் கண்டுபிடித்துவிட்டேன். என்ன பெயர் என்று எனக்குத் தெரியும்.

நீ என்ன சொல்கிறாய் என்று பார்க்க வேண்டும்.

முனீஸ்வரி


ராஜபாளையம்,
16.03.2025

ஈஸ்வரி,

படம் வந்த அன்றிலிருந்து அதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மூன்று புத்தகம் வைத்துப் பார்த்தேன். கண்ணுக்கு மேலே ஒரு வெளிர்கோடு இருக்கிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. கால் நிறம் நிழலில் போய்விட்டது. சத்தம் கேட்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருக்கலாம். இரண்டு பெயர் மனதில் ஓடுகிறது. உனக்குத் தெரியும் என்கிறாய், அதனால் இரண்டில் ஒன்றைச் சொல்லி அது சரியாக அமைந்துவிட்டால் நீ பழையபடி என்னோடு பேசுவாயோ என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

எனக்குத் தெரியவில்லை.

சித்ரா


ஸ்ரீவில்லிபுத்தூர்,
20.03.2025

சித்ரா,

எனக்கும் தெரியவில்லை. பெயர் கண்டுபிடித்துவிட்டேன் என்று எழுதியது பொய். உன்னைச் சோதிக்க எழுதினேன், அவ்வளவுதான். தபாலில் போடச் சொல்லி இவரிடம் கொடுத்த நேரத்திலிருந்து ஒரு வேலை ஓடவில்லை. வாசலில் தபால்காரர் சைக்கிள் நின்றால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இவர் சாதாரணமாக "என்னட்டி" என்று கேட்டாலும் எனக்குத் திடுக்கென்கிறது. ஒரு குருவி பெயர், அதுவும் நீ எனக்குச் செய்ததற்குக் கால்வாசி கிடையாது. இந்தப் பத்து நாளும் நான் ஒழுங்காகத் தூங்கவில்லை.

நீ பத்து வாரம் தினமும் என்னோடு பேசிவிட்டு எப்படித் தூங்கினாய்?

முனீஸ்வரி